வெல்ட் ஷூ செய்யும் மெஷின்கள்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ ஆலைகளில் மெஷின் பராமரிப்பு வேலையில் பல வருடம் ஓட்டியவன் நான். ஷூவுக்கு அடியில் ‘குட்இயர் வெல்ட்டட்’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துவிட்டுச் சொந்தக்காரர்களும் நண்பர்களும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்களும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

வெல்ட் என்றால் என்ன?

ஒரு தோல் பட்டை, அவ்வளவுதான். மேல்தோலுக்கும் (ஆலையில் அப்பர் என்போம்) தரையில் படுகிற சோலுக்கும் நடுவில், ஷூவின் ஓரத்தைச் சுற்றி ஓடும். மேலிருந்து பார்த்தால் தையல் போட்ட ஒரு விளிம்பு தெரிகிறதே, அது. ஆனால் வெறுமனே பசை போட்டு ஒட்டிய ஷூவிலும் அழகுக்கு ஒரு பொய்ப் பட்டையை ஒட்டி, அதன்மேல் தையலும் போட்டு விற்கிறார்கள். ஆகவே விளிம்பில் தையல் தெரிந்தால் போதும் என்று நம்பிவிடாதீர்கள்.

உண்மையான வெல்ட் ஷூவில் இரண்டு தையல் உண்டு. முதல் தையல் அப்பர், லைனிங், இன்சோலின் (ஷூவுக்குள் பாதம் நிற்கும் உள்தட்டு) அடியில் நிற்கும் ஒரு சின்ன வரப்பு (ரிப்), வெல்ட் பட்டை நான்கையும் பக்கவாட்டில் சேர்த்துப் பிடிக்கும். இரண்டாவது தையல் வெல்ட்டையும் சோலையும் மேலிருந்து கீழாகச் சேர்க்கும். அதாவது சோல் அப்பரோடு எந்த இடத்திலும் நேரடியாகத் தைக்கப்படுவதில்லை, நடுவில் வெல்ட் நின்று இரண்டு பக்கமும் கை கொடுக்கிறது. சோல் தேய்ந்தால் இரண்டாம் தையலை மட்டும் அறுத்துவிட்டுப் புதுசு போடலாம், அப்பருக்கு ஒன்றும் ஆகாது. எல்லோரும் பார்த்து ரசிப்பது இரண்டாம் தையலை. ஷூ எத்தனை வருடம் வரும் என்பதை முடிவு செய்வது உள்ளே மறைந்திருக்கும் முதல் தையல்.

முதல் தையலைச் சாதாரணத் தையல் மெஷினில் போட முடியாதா?

முடியாது. காரணத்தை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால் மற்ற மெஷின்கள் எதற்கு என்பது பாதி புரிந்துவிடும்.

வீட்டுத் தையல் மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள். துணிக்கு மேலே ஊசி, கீழே பாபின், நடுவில் துணி. வெல்ட் தைக்கும்போது ஷூவுக்குள்ளே லாஸ்ட் என்கிற கால் வடிவக் கட்டை இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது. கட்டையை எடுத்தால் ஷூவின் வடிவம் போய்விடும், எடுக்கக் கூடாது. ஆக, உள்பக்கத்தில் பாபின் வைக்க இடமே இல்லை. ஊசி எந்தப் பக்கம் நுழைந்ததோ அதே வெளிப்பக்கத்தில்தான் வெளியே வந்தாக வேண்டும். போதாததற்கு ரிப் என்பது சில மில்லிமீட்டர் உயரமுள்ள வரப்புதான். நேர் ஊசியை அதன் வழியாகப் பக்கவாட்டில் விட்டால் இன்சோலில் முட்டி நிற்கும், இல்லையென்றால் இன்சோலைத் துளைத்துக்கொண்டு கால் வைக்கும் இடத்துக்குப் போய்விடும்.

அதனால்தான் ஊசி பிறை மாதிரி வளைந்திருக்கிறது. அறுவை சிகிச்சையில் காயம் தைக்கிற ஊசியைப் பார்த்திருப்பீர்களே, அதே யோசனை. வட்டத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்ததுபோல் இருக்கும் அந்த ஊசி, ஓர் அச்சைச் சுற்றி ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடும். முனையில் குரோஷா ஊசிக்கு இருப்பதுபோல ஒரு கொக்கி. ஊசி எல்லாவற்றையும் துளைத்து மறுபக்கம் தலையை நீட்டுகிற நேரத்தில், லூப்பர் என்கிற ஒரு சின்னக் கை நூலைக் கொண்டுவந்து கொக்கியில் மாட்டிவிடும். ஊசி திரும்பும்போது நூலை ஒரு வளையமாக இழுத்து வரும், அந்த வளையம் முந்தைய வளையத்துக்குள் நுழையும். ஒற்றை நூல், பாபின் இல்லை, சங்கிலித் தையல். இத்தனையும் நடக்கும்போது ஷூவை எந்த இயந்திரமும் பிடித்துக்கொள்வதில்லை. மெஷின் ஓட்டுபவர் இரண்டு கையாலும் பிடித்து, ஷூவின் மூக்கை (முன்முனையை)ச் சுற்றித் தானே திருப்புகிறார். பழகிய கை என்றால் ஒரு ஷூவுக்குச் சில விநாடிகள்தான். பழகாத கை என்றால் மூக்கு வளைவில் தையல் ரிப்பை விட்டு இறங்கிவிடும்.

சங்கிலித் தையல் என்றால் அரிசி மூட்டைத் தையல்தானே? ஒரு நூலை இழுத்தால் மொத்தமும் பிரியுமே?

நல்ல கேள்வி, இதைக் கேட்ட பையனுக்கு அன்று டீ வாங்கிக் கொடுத்தேன். தையல் வகை கிட்டத்தட்ட அதேதான். ஆனால் மூட்டையில் காய்ந்த நூல் தளர்வான சாக்கில் ஓடுகிறது. இங்கே தடித்த நூல் உருகிய மெழுகுக்குள் முங்கி வந்து, இறுக்கமான தோலுக்குள் நுழைந்து, அங்கேயே ஆறி இறுகிக்கொள்கிறது. துளையையும் மெழுகு அடைத்துவிடும். ஒரு இடத்தில் நூல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் அவ்வளவு சீக்கிரம் நகராது.

அதனால்தான் இந்த மெஷின்களில் ஒரு மெழுகுச் சட்டியும், நூல் போகிற வழியெல்லாம் சூடாக வைக்கிற ஏற்பாடும் இருக்கும். காலையில் வந்ததும் முதலில் சூட்டைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மெழுகு பாதி உருகியிருக்கும்போதே ஓட்டினால் நூல் கனத்துப்போய்ச் சிக்கி, ஊசி ஒடியும். நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் திங்கட்கிழமை காலைகளில் மட்டும் ஊசிச் செலவு அதிகமாக வந்தது ஏன் என்று மேனேஜர் பல மாதம் மண்டையை உடைத்துக்கொண்டார். ஞாயிறு முழுக்க மெஷின் ஆறிக் கிடந்ததுதான் காரணம்.

குட்இயர் என்பது டயர் கம்பெனியா?

இல்லை. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் முறையை 1839-ல் கண்டறிந்த சார்லஸ் குட்இயர் 1860-ல் கடனோடு இறந்துபோனார். டயர் கம்பெனியை 1898-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் வேறு ஆட்கள் தொடங்கினார்கள், அவர் நினைவாகப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஷூ மெஷினின் குட்இயர் அவருடைய மகன், அப்பா பெயரேதான் அவருக்கும்.

மகன் தனியாக உட்கார்ந்து கண்டுபிடித்தார் என்றும் சொல்ல முடியாது. நியூயார்க்கில் இருந்த ஓகுஸ்த் தெஸ்தூய் என்கிற மெக்கானிக் 1862-ல் வளைந்த ஊசி மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அது உள்ளே வெளியே திருப்பித் தைக்கிற மெல்லிய ஷூக்களுக்கானது. குட்இயர் அந்த உரிமையை வாங்கி, பணம் போட்டு, கிறிஸ்டியன் டான்செல் போன்ற மெக்கானிக்குகளை வைத்துத் திருத்தித் திருத்தி, 1870-ஐ ஒட்டிய வருடங்களில் வெல்ட் தைக்கும் அளவுக்குக் கொண்டுவந்தார். பெயர் யாருக்குப் போனது பாருங்கள். மெக்கானிக்காக இருந்தவனுக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்படியென்றால் பிளேக் தையல்?

அது இன்னும் கொஞ்சம் முந்தியது. லைமன் பிளேக் 1858-ல் காப்புரிமை பெற்றார், கார்டன் மெக்கே அதை வாங்கினார், அமெரிக்க உள்நாட்டுப் போரில் ராணுவத்துக்கு பூட்ஸ் தேவைப்பட்டபோது மெஷின் பரவியது. பிளேக் மெஷினில் மாட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஒரு கை இருக்கும். லாஸ்ட்டை உருவிவிட்டு ஷூவை அந்தக் கொம்பில் மாட்ட வேண்டும், கொம்பின் முனை ஷூவுக்கு உள்ளே போய் நூலைக் கொடுக்கும், ஊசி சோல், அப்பர், இன்சோல் மூன்றையும் ஒரே குத்தில் நேராகத் தைத்துவிடும். வெல்ட்டே தேவையில்லை. ஷூ மெல்லியதாக, எளிதில் வளைகிறதாக வரும், செலவும் குறைவு.

குறை என்னவென்றால் தையல் காலுக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்கும். சோலின் அடியில் ஈரம் பட்டால் நூல் வழியாக மேலே ஏறிவிடும். மழை குறைவான ஊரில் பரவாயில்லை. தினமும் தண்ணீரில் நடக்கிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஒரு வெல்ட் ஷூ மொத்தம் எத்தனை மெஷின்களைத் தாண்டி வருகிறது?

இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் பகுதிக் கம்பெனிகள் பலவும் தங்கள் ஷூ இருநூறுக்கு மேற்பட்ட வேலைகளைத் தாண்டி வருகிறது, எட்டு வாரம் ஆகிறது என்று பெருமையாகச் சொல்லும். அதில் துடைப்பது, எண் எழுதுவது எல்லாம் சேர்த்தி. முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில் வெட்டு. கிளிக்கிங் பிரஸ் என்பது ஆடுகிற கை வைத்த அழுத்தும் மெஷின், எஃகு டையை (வெட்டும் அச்சு) தோல்மேல் வைத்து அழுத்தினால் துண்டு வந்துவிடும். ஆனால் டையை எங்கே, எந்தத் திசையில் வைப்பது என்பது மனிதன் முடிவு. தோல் ஒரு பக்கம் அதிகம் இழுபடும், இன்னொரு பக்கம் குறைவாக இழுபடும், வயிற்றுப் பக்கத்துத் தோல் தளர்ந்திருக்கும், ஈ கடித்த தழும்பு இருக்கும். இதை அறியாமல் வெட்டினால் பின்னால் எந்த மெஷினாலும் சரிசெய்ய முடியாது. அப்புறம் ஸ்கைவிங், அதாவது மணி வடிவில் சுழலும் கத்தியால் துண்டுகளின் ஓரத்தைச் சீவி மெல்லிசாக்குவது, மடித்துத் தைத்தால் தடிப்பாகத் தெரியக் கூடாது என்பதற்காக. பிறகு குளோசிங், கம்பம்போல நிமிர்ந்து நிற்கும் போஸ்ட் மெஷின்களில் துண்டுகளை அப்பராகத் தைப்பது. இதுவரைக்கும் எல்லா வகை ஷூவுக்கும் பொது.

அடுத்தது லாஸ்டிங், அதற்குத் தனிக் கேள்வி வைத்திருக்கிறேன். அதன்பின் மேலே சொன்ன வெல்ட் தையல். தையல் முடிந்ததும் ரிப்புக்கு மேலே துருத்தும் அப்பரையும் லைனிங்கையும் ஒரு மெஷின் வெட்டித் தள்ளும், இன்னொன்று வெல்ட்டைச் சின்னச் சுத்தியால் தட்டித் தட்டி விரித்துப் படுக்கவைக்கும். இப்போது ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தால் ரிப் வேலி கட்டிய ஒரு பள்ளம் தெரியும். நடுவில் வளைவைத் தாங்க எஃகு அல்லது மரத்தாலான ஷாங்க், மீதிப் பள்ளத்தில் தக்கைத் தூளும் பசையும் கலந்த களி. வெல்ட் ஷூ போகப் போகக் காலுக்குப் பொருந்துகிறது என்கிறார்களே, அதில் பெரும் பங்கு இந்தத் தக்கைக்கும் தோல் இன்சோலுக்கும்தான். காலின் அழுத்தத்தில் அவை மெல்ல அமுங்கிப் பாதத்தின் அச்சை எடுத்துக்கொள்கின்றன.

பிறகு சோலைப் பசை போட்டு பிரஸ்ஸில் அழுத்துவார்கள். ரஃப் ரவுண்டிங் மெஷின் சோலையும் வெல்ட்டையும் ஒன்றாக ஓரம் வெட்டி வடிவம் கொடுக்கும், அதே ஓட்டத்தில் தையல் ஒளிந்துகொள்ள ஒரு வாய்க்காலும் கீறும். அதற்கப்புறம் இரண்டாம் தையல் போடுகிற மெஷின். இதிலும் வளைந்த ஊசிதான், ஆனால் குத்தூசி தனியாக முன்னே போய்த் துளை போட்டு ஷூவை ஒரு தையல் நீளம் நகர்த்தும், பின்னாலேயே ஊசி வரும். இங்கே இரண்டு நூல், ஷட்டில், லாக்ஸ்டிச். வீட்டு மெஷினில் வருகிற அதே பூட்டுத் தையல், தடிமன் மட்டும் பல மடங்கு. வெல்ட்டும் சோலும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் மேலேயும் கீழேயும் இடம் கிடைக்கிறது, பூட்டுத் தையல் சாத்தியமாகிறது. வேலை பூட்ஸ் என்றால் ஓர் அங்குலத்துக்கு 7, 8 தையல், ஆபீஸ் ஷூ என்றால் 10 முதல் 12 வரை போகும். தோலில் எண்ணிக்கையை ஒரேயடியாக ஏற்றுவது புத்திசாலித்தனம் இல்லை, துளைக்கும் துளைக்கும் நடுவில் தோல் மிஞ்ச வேண்டும்.

கடைசியில் குதிகால் ஆணி, ஓரம் சீவுதல், சூடான இரும்பால் மெழுகு தேய்த்தல், பாலிஷ்.

இதில் யாருடைய வேலை ரொம்பக் கஷ்டம்?

ஓரம் சீவுபவருடையது, என் கணக்கில். எட்ஜ் டிரிம்மிங் மெஷினில் பல் வைத்த ஒரு சின்னக் கட்டர் பயங்கர வேகத்தில் சுழலும், அவ்வளவுதான் மெஷின். தடுப்பு, அளவுகோல் என்று பெரிதாக எதுவும் இல்லை. அநேகமாக முடிந்துபோன ஷூவைக் கையில் பிடித்து, மூச்சை அடக்கி, சோல் ஓரத்தைச் சுற்றி ஒரே இழுப்பில் கொண்டுபோக வேண்டும். கை ஒரு நூல் அளவு பிசகினால் அத்தனை பேர் செய்த வேலையும் குப்பைக்கு. இந்த வேலையில் உட்காரப் புது ஆட்கள் தயங்குவதில் ஆச்சரியமே இல்லை.

லாஸ்டிங் மெஷின் ஏன் அவ்வளவு பெரிய விஷயம்?

தைத்து வந்த அப்பர் வெறும் தொளதொள தோல். அதை லாஸ்ட்மேல் இழுத்துப் போட்டு, ஓரத்தை அடியில் மடித்துப் பிடித்தால்தான் ஷூ வடிவம் வரும். குதிகாலும் பக்கவாட்டும் சுமாராகச் செய்துவிடலாம். மூக்கில்தான் சங்கடம். வளைவில் தோல் மிஞ்சிப்போய் சேலைக் கொசுவம் மாதிரி மடிப்பு விழும், அந்த மடிப்பெல்லாம் அடிப்பக்கத்துக்கே போய்விட வேண்டும், மேலே ஒரு சுருக்கம்கூடத் தெரியக் கூடாது. இடுக்கியால் இழு, கட்டை விரலால் அமுக்கு, ஆணி அடி, அடுத்த மடிப்பு. 1880 வரை இதற்கு மெஷின் வராது என்றே நம்பினார்கள். மாசசூசெட்ஸின் லின் நகரத்தில் நல்ல கைத்தொழிலாளி ஒரு நாளைக்கு 50 ஜோடி போடுவார். மற்ற மெஷின்கள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் இந்த இடத்தில் வந்து எல்லாம் தேங்கும்.

அதை உடைத்தவர் யான் மாட்சிலிகர். 1852-ல் தென் அமெரிக்காவில் டச்சுக்காரர்கள் ஆண்ட சூரினாமில் பிறந்தவர், கறுப்பினத் தாய், டச்சுத் தந்தை. கப்பல் வேலை பார்த்து அமெரிக்கா வந்து, லின் நகர ஷூ ஆலையில் மெஷின் ஓட்டிக்கொண்டே, கைத்தொழிலாளிகளின் விரல்கள் போகும் போக்கைக் கவனித்து, சுருட்டுப் பெட்டி மரம், கம்பி என்று கிடைத்ததை வைத்து மாதிரி செய்தார். 1883 மார்ச் 20 அன்று காப்புரிமை கிடைத்தது. வரைபடம் ஏகச் சிக்கலாக இருந்ததால் காப்புரிமை அதிகாரி வாஷிங்டனிலிருந்து நேரில் வந்து மெஷினைப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார் என்று சொல்வார்கள். மெஷின் முழுவளர்ச்சி அடைந்தபோது நாளைக்கு 700 ஜோடி வரை போனது. மாட்சிலிகர் 1889-ல் காசநோயில் இறந்தார், வயது 36. அமெரிக்க அரசு அவருக்குத் தபால்தலை போட்டது 1991-ல்.

இன்றைய லாஸ்டிங் மெஷின்கள் வரிசையாக இடுக்கிகள் வைத்து ஒரே நேரத்தில் மூக்கை இழுத்து, இரண்டு தகடுகளால் உள்ளே தள்ளி, சூடான பசையில் ஒட்டிவிடுகின்றன. வேகம் உண்டு. ஆனால் இழுவையின் பலத்தைத் தோலுக்குத் தோல் மாற்றத் தெரியாத ஆள் நின்றால் மூக்கில் தோல் வெடிக்கும், அது மெஷினின் குற்றம் இல்லை.

இன்சோலில் ரிப்பை ஒட்டுகிறார்களாமே, அது ஏமாற்று வேலையா?

இதைப் பற்றிக் காரசாரமாகச் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கையால் வெல்ட் போடுகிற கலைஞர் தடித்த தோல் இன்சோலிலேயே வரப்பைச் செதுக்கி எடுப்பார். ஆலையில் துணிப் பட்டையால் ஆன ரிப்பை ஒரு மெஷின் இன்சோலில் ஒட்டிவிடும், ஜெம்மிங் என்று பெயர். மெல்லிய இன்சோல் போதும், வேகம் கூடும், எல்லா ஷூவிலும் ரிப் ஒரே உயரத்தில் நிற்கும். வளைந்த ஊசி மெஷினுக்கு அந்தச் சீர்மைதான் வேண்டும்.

எதிர்ப்பவர்களின் வாதம்: அத்தனை தையலும் கடைசியில் ஒரு பசைக் கோட்டை நம்பி நிற்கிறது. உண்மைதான். பசை விட்டுப்போன ரிப்பை நானும் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் தண்ணீரில் ஊறவிட்டு வெயிலில் காயவைத்த ஷூக்களில். ஆனால் சரியாக ஒட்டிய ரிப் பல சோல் மாற்றத்தைத் தாங்கும். இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கைவேலை என்று சொல்லி விற்றால் மட்டும்தான் ஏமாற்று.

உலகம் முழுக்க ஆலைகளில் ஒரே மாதிரி பழைய மெஷின்களாகக் கிடக்கின்றனவே, ஏன்?

ஏனென்றால் நீண்ட காலம் அவற்றைச் செய்தது ஏறக்குறைய ஒரே கம்பெனி. வெல்ட் மெஷின் வைத்திருந்த குட்இயர் கம்பெனி, பிளேக் மெஷின் வைத்திருந்த மெக்கே கம்பெனி, மாட்சிலிகரின் லாஸ்டிங் மெஷின் போய்ச் சேர்ந்த கம்பெனி எல்லாம் 1899-ல் இணைந்து பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் ஷூ மெஷினரி ஆனது. பக்கத்திலே பெவர்லியில் கான்கிரீட்டில் ஒரு பெரும் ஆலை, இங்கிலாந்தில் லெஸ்டரில் துணைக் கம்பெனி. ஜெர்மனியின் ஆல்ஃபெல்டில் 1911-ல் தொடங்கிய ஃபாகுஸ் லாஸ்ட் ஆலைக்கும் இவர்களின் பணம் போனது. வால்டர் குரோபியஸ் வடிவமைத்த அந்தக் கண்ணாடிக் கட்டிடம் இன்று யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். கட்டிடக்கலை மாணவர்கள் போய்ப் பார்க்கிறார்கள், அங்கே செய்தது ஷூவுக்கான கட்டை என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கும் என்று தெரியவில்லை.

இவர்களின் சூட்சுமம், முக்கியமான மெஷின்களை விற்காமல் வாடகைக்கு மட்டும் விட்டது. ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்டுகிறோமே, அதுபோல மெஷின் ஓடுகிற அளவுக்கு ஏற்பக் கட்டணம். முதலீடு இல்லாத சின்ன ஆளும் ஆலை தொடங்க முடிந்தது, அது நல்லது. ரிப்பேரும் வாடகைக்குள் அடக்கம், தனிக் காசு இல்லை. மெஷின் நின்றால் நஷ்டம் அவர்களுக்கும் சேர்த்துத்தான், அதனால் சுலபத்தில் நிற்காத மாதிரி கனமான வார்ப்பிரும்பில் செய்தார்கள். என் கருத்து, இத்தனை பழைய மெஷின் இன்னும் ஓடுவதற்குப் பாதிக் காரணம் இந்த வாடகைக் கணக்கு. மறுபக்கம், ரிப்பேர் இலவசம் என்றால் வெளியே தனி மெக்கானிக் பிழைக்க முடியாது, வேறு கம்பெனி மெஷின் உள்ளே நுழையவும் முடியாது. 1953-ல் நீதிபதி வைசான்ஸ்கி இது ஏகபோகம் என்று தீர்ப்பளித்து, மெஷின்களை விலைக்கும் கொடுக்க வேண்டும், வாடகை ஒப்பந்தம் ஐந்து வருடத்தைத் தாண்டக் கூடாது என்றார். 1968-ல் உச்ச நீதிமன்றம், அது போதவில்லை என்றால் இன்னும் இறுக்கலாம் என்று வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. அதற்குள் அமெரிக்க ஷூ தொழிலே இறக்குமதியில் தேய ஆரம்பித்துவிட்டது.

டாக்டர் மார்டென்ஸ் பூட்ஸ் வெல்ட்டா?

பாதி. 1960 ஏப்ரல் 1 அன்று இங்கிலாந்தின் உல்லஸ்டனில் வந்த முதல் ஜோடி முதலே அப்பரில் வெல்ட்டைத் தைக்கிறார்கள், ஆனால் சோலைத் தைக்காமல் சூட்டில் உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். சோல் மாற்றுவது அதனால் சிரமம்.

நம் ஊரில் இந்த மெஷின்கள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. ஆம்பூர், ராணிப்பேட்டை, சென்னைப் பக்கம் ஏற்றுமதிக்கு வெல்ட் ஷூ போடும் ஆலைகள் உண்டு. ஆனால் நம் பகுதியில் ஓடும் வேலையில் பெரும்பகுதி பசை போட்டு ஒட்டும் ஷூக்கள்தான். வெல்ட் லைன் என்பது ஆலைக்குள் ஒரு மூலை. அந்த மூலையில் நிற்கிற ஆட்களை மட்டும் வேறு ஆலைக்காரன் தூக்கிக்கொண்டு போய்விடாமல் மேனேஜர்கள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வார்கள்.

பழைய வெல்ட் மெஷின் ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா?

ஓட்டத் தெரிந்த ஆள் கையில் இருந்தால் வாங்கலாம். பார்க்கப் போகும்போது மோட்டாரையும் பெயின்டையும் பார்க்காதீர்கள். ஊசி, லூப்பர், நூல் விரல் (நூலைப் பிடித்துக் கொடுக்கும் சின்ன உறுப்பு) மூன்றும் ஒன்றையொன்று எந்தக் கணத்தில் சந்திக்கின்றன என்பதைக் கையால் சக்கரத்தைச் சுற்றி மெதுவாகப் பாருங்கள். அவற்றை ஆட்டுவது உள்ளே இருக்கும் கேம் தட்டுகள். அவை தேய்ந்திருந்தால் நேரம் தப்பும், தையல் விட்டுப்போகும், எவ்வளவு டியூன் செய்தாலும் நிற்காது. ஓட்டிக் காட்டும்போது நேர்ப் பகுதியைத் தைத்துக் காட்டுவார்கள், மூக்கைத் தைத்துக் காட்டச் சொல்லுங்கள். அந்த மாடலுக்கு ஊசி இன்றும் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். நான் ஒரு தடவை அந்த வரிசையை மாற்றிச் செய்து, ஆறு மாதம் மெஷினைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தேன்.

360 டிகிரி வெல்ட் என்பது?

வழக்கமாக வெல்ட் குதிகாலின் ஒரு முனையில் தொடங்கி மூக்கைச் சுற்றி மறுமுனையில் நிற்கும், குதிகாலை ஆணி பிடிக்கும். 360 என்றால் குதிகாலையும் சுற்றி வருவது. பூட்ஸுக்குப் பொருத்தம், மெல்லிய ஷூவில் பின்பக்கம் தடியாகத் தெரியும்.

சோல் மாற்ற எங்கே கொடுப்பது?

செய்த ஆலையே திரும்ப வாங்கிக்கொள்ளும் என்றால் அதைவிட நல்லது இல்லை, அவர்கள் அதே லாஸ்ட்டைப் போட்டுச் செய்வார்கள். தெருவில் கையால் தைக்கிற அண்ணனிடமும் கொடுக்கலாம், நல்ல கை என்றால் தாராளமாக. இரண்டு விஷயம் மட்டும் சொல்லிக் கொடுங்கள். பழைய சோல் தையலை மட்டும் அறுக்க வேண்டும், உள்தையலில் கத்தி படக் கூடாது. புதுத் தையல் கூடியவரை வெல்ட்டில் ஏற்கெனவே இருக்கும் துளைகளிலேயே போக வேண்டும். புதுப்புதுத் துளையாகக் குத்திக்கொண்டே போனால் இரண்டு மூன்று தடவையில் வெல்ட் தபால்தலை ஓரம் மாதிரி கிழிந்து வரும். அப்படிக் கிழிந்தால் வெல்ட்டையே மாற்ற வேண்டியதுதான், அதற்கு லாஸ்ட் வேண்டும். நல்ல ஷூக்கள் பலவற்றில் உள்பக்க லைனிங்கில் பேனாவால் சின்ன எண்கள் எழுதியிருப்பார்கள், லாஸ்ட் எண்ணும் அதில் இருக்கும். ஷூ புதுசாக இருக்கும்போதே அதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வருடம் போட்டால் வியர்வையில் அழிந்துவிடும்.